மாப்பிள்ளை வாங்கின பல்பு

வாங்க மாப்பிள்ளை, இப்படித் திண்ணையில சித்த உக்காருங்க. புது வீட்டுக்கு இருபத்திரண்டு பல்பு வாங்கினீங்களாமே? ஒறம்பரை பூராவும் அதே பேச்சு. "மாப்பிள்ளை பல்பு வாங்கிட்டாரு, மாப்பிள்ளை பல்பு வாங்கிட்டாரு"ன்னு உங்க சின்ன மாமன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். எந்த அர்த்தத்துல சொல்றான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் நல்ல அர்த்தத்துலதான் எடுத்துக்கிட்டேன்.

வீட்டுல ஒரு குறையும் இல்லை. கிரகப்பிரவேசத்தன்னிக்கு என் கண்ணுல பட்டதை மட்டும் சொல்றேன். அம்மிணி அரக்குப் பட்டுதானே கட்டியிருந்துச்சு? நான் எடுத்துக் குடுத்த சேலைங்க அது. கடை விளக்குல பாத்தது பத்தாதுன்னு ரெண்டு தடவை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய் விரிச்சுப் பாத்து எடுத்தேன். கடைக்காரர் மூஞ்சியைச் சுளிச்சாரு, சுளிக்கட்டும். அன்னிக்கு விடிஞ்சு வாசல்ல பசுமாட்டுக்குப் பக்கத்துல நின்னப்ப சேலை அரக்காத்தான் இருந்துச்சு. உள்ள வந்து உங்க ஹால் லைட்டுக்குக் கீழ நின்னுச்சு பாருங்க, கருகின காப்பிக்கொட்டையாட்ட ஆயிருச்சு. உங்க அத்தை என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ஏனுங்க, சாயம் போயிருச்சா?"ன்னு கேட்டா. சாயம் எங்கீங்க போகுது? சிவப்பைக் களவாண்டது வேற ஆளு. அந்த ஆளைப் பிடிக்கத்தான் இன்னிக்கு உங்களை இங்க உக்கார வெச்சிருக்கேன். காப்பி வரும், ஆறிப்போறதுக்குள்ள குடிங்க.

கடையில என்னன்னு கேட்டீங்க? "ஒன்பது வாட்ஸ் பல்பு குடுங்க"ன்னு. சரி. அந்தியூர்ச் சந்தைக்குப் போயி, "தினம் ஒன்பது கிலோ தீவனம் திங்கற மாடு ஒண்ணு குடுங்க"ன்னு யாராச்சும் கேப்பாங்களா? எத்தனை லிட்டர் கறக்கும்னுதானே கேப்பாங்க? வாட்டுங்கறது பல்பு திங்கறது. லூமென்ங்கறது அது கறக்கறது. பெட்டியில ரெண்டுமே அச்சடிச்சிருக்குது. திங்கறதைக் கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க, கறக்கறதைப் பொடி எழுத்துல. கண்ணாடி போட்ட நானே படிச்சுட்டேன், கண்ணாடி போடாத நீங்க விட்டுட்டீங்க.

உங்களை மட்டும் சொல்லிக் குத்தமில்லைங்க. எங்க காலத்துக் குண்டு பல்பு பழக்கிவிட்ட பழக்கம் அது. 60 வாட்டுன்னா எந்தக் கம்பெனி பல்பா இருந்தாலும் 700 லூமென் சுமாருக்கு வரும், அதனால வாட்டைச் சொன்னாலே வெளிச்சம் தெரிஞ்சுரும். தின்னதுல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல சூடாவே போயிரும். பண்ணையில கோழிக்குஞ்சுக்கு மேல அதைத் தொங்கவிட்டது குஞ்சு பேப்பர் படிக்கறதுக்கா? இப்ப அப்படியில்லை. ஒரே 9 வாட் எல்.இ.டி.யில ஒண்ணு 900 லூமென் தரும், பக்கத்துப் பெட்டி 700 தரும். ரெண்டும் ஒரே அலமாரியில, ஒரே விலையில உக்காந்திருக்கும்.

நானும் பல்பு வாங்கினவன்தானுங்க. எங்க படுக்கையறையில முப்பது வருசமா "ஜீரோ வாட்ஸ்" எரிஞ்சுது. பேருதானே ஜீரோ, கரண்டே திங்காதுன்னு ராத்திரி பூரா எரிய விட்டேன். நான் வேலை பாத்த பாலிடெக்னிக் லேபுல ஒருநாள் அதை மீட்டர்ல மாட்டிப் பாத்தா பதினஞ்சு வாட் காட்டுது! ராத்திரி ஒன்பது மணி நேரம் எரிஞ்சா மாசத்துக்கு நாலு யூனிட். உங்க 9 வாட் பல்பு ஹால்ல தினம் அஞ்சு மணி நேரம் எரிஞ்சாக்கூட ஒண்ணேகால் யூனிட்டுச் சொச்சம்தான். ஒண்ணுமே திங்காதுன்னு பேரெடுத்த மாடுதான் வைக்கோல் போரைக் காலி பண்ணியிருக்குது. அதை உங்க அத்தைகிட்ட நான் இன்னும் சொல்லலை. நீங்களும் சொல்லாதீங்க.

லூமெனை எப்படி அளக்கறாங்கன்னு கேளுங்க. கேக்க மாட்டீங்க, நானே சொல்றேன். திருஷ்டிப் பூசணிக்காயாட்ட, ஆனா ஆள் உள்ள போற அளவுக்கு ஒரு உருண்டை. உள்ளெல்லாம் சுண்ணாம்பு அடிச்சாப்பல வெள்ளைப் பூச்சு, பேரியம் சல்பேட்டு. நடுவுல பல்பைத் தொங்கவிட்டு மூடிருவாங்க. வெளிச்சம் சுவர்ல பட்டுப் பட்டுத் திரும்பி உள்ள எல்லாப் பக்கமும் ஒரே சீராப் பரவும். ஓரத்துல சின்ன ஓட்டையில ஒரு கருவி உக்காந்து கணக்கெடுக்கும். உல்பிரிக்ட்டுன்னு ஒரு ஜெர்மன்காரர் பேர்ல உல்பிரிக்ட் கோளம்னு சொல்லுவாங்க.

அந்தக் கருவி சும்மா எண்ணாதுங்க. மனுசக் கண்ணு எப்படிப் பாக்குமோ அப்படி மார்க் போட்டு எண்ணும். நம்ம கண்ணுக்குப் பச்சைன்னா உசிரு. 555 நானோமீட்டர் பச்சையில ஒரு வாட் வெளிச்சம் வந்தா 683 லூமென்னு எழுதிக்கும். அதே ஒரு வாட் 650 நானோமீட்டர் ஆழச் சிவப்பா வந்தா 73 லூமென்தான். சிவப்புக்கு அங்க மார்க் அவ்வளவுதான். இதை மனசுல வெச்சுக்குங்க, திருடன் காலடி இங்கதான் ஆரம்பிக்குது.

பெட்டி மேல நட்சத்திரம் பாத்தீங்களா? டெல்லியில இருக்கற எரிசக்தித் திறன் அலுவலகத்து முத்திரை. ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென்னு பாத்து ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் போடறாங்க. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனா நட்சத்திரம் வாங்கற அவசரத்துல கம்பெனிக்காரர் என்ன பண்ணுவாரு? மார்க் கம்மியாப் போடற சிவப்பைத்தானே முதல்ல கழட்டுவாரு?

கழட்டறது சுலபம். வெள்ளை எல்.இ.டி.ன்னு நாம சொல்றோம், உள்ள இருக்கறது அப்பட்டமான நீலங்க. அந்த நீலத்தைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2014-ல அகாசாகி, அமானோ, நகமுரான்னு மூணு பேருக்கு இயற்பியல் நோபல் பரிசு குடுத்தாங்க. நீல வில்லை மேல மஞ்சள் பூச்சைப் பூசிட்டா ரெண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாத் தெரியும். நீலம் இருக்குது, பச்சை இருக்குது, மஞ்சள் இருக்குது. சிவப்பு வேணும்னா சிவப்புப் பூச்சும் சேக்கணும். சேத்தா காசும் எச்சு, லூமெனும் குறையும். யாருக்குங்க மனசு வரும்?

"மாமா, நான் பளிச்சுன்னு இருக்கணும்னு 6500 கெல்வின் வாங்கினேன்"னு சொல்லுவீங்க. 2700-ஐ விட 6500 எச்சு, அதனால ஒசத்தின்னு நினைச்சீங்களாக்கும்? நம்ம கொல்லம்பட்டறையில இரும்பு காயறதைப் பாத்ததுண்டா? முதல்ல மங்கின சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், கடைசியா வெள்ளை. அந்தச் சூட்டுக் கணக்குதான் கெல்வின். மெழுகுவத்தி 1900, குண்டு பல்பு 2700, உச்சி வெயில் 5500 சுமாரு, நீல வானமும் கலந்த பகல் வெளிச்சம் 6500. நிறத்தைச் சொல்ல ஒரு நம்பர், அவ்வளவுதான். காப்பியா மோரான்னு கேக்கறாப்பல, இதுல ஒசத்தி தாழ்த்தி இல்லை. நம்பர் ஏற ஏற நீலம் ஏறும். ராத்திரி சோறு திங்கற இடத்துல 6500-ஐ மாட்டினா ஆஸ்பத்திரி வராந்தாவுல இலை போட்டாப்பல இருக்குது. அன்னிக்குப் பந்தியில எலுமிச்சம் சோறு பச்சை பாஞ்சிருந்துச்சு. சமையக்காரரு பாவம், மஞ்சத்தூளை இன்னும் ரெண்டு கரண்டி போட்டுட்டாரு.

நிறம் வேற, நிறத்தைக் காட்டற குணம் வேறங்க. பூஜையறை நல்லெண்ணெய் விளக்கு மஞ்சளாத்தான் எரியுது, ஆனா அதுல குங்குமம் குங்குமமாத் தெரியும். ஏன்னா அதுல எல்லா நிறமும் கொஞ்சங் கொஞ்சம் இருக்குது. அந்தக் குணத்துக்குப் போடற மார்க்குதான் சி.ஆர்.ஐ. குண்டு பல்புக்கு நூத்துக்கு நூறு. முன்னாடி ரோட்டுல பொன்னிறமா எரிஞ்ச சோடியம் லைட்டுக்கு 25 சுமாரு. அதுலயே சுத்த மஞ்சளா ஒரு சாதி உண்டு, ஒரே ஒரு நிறம்தான் விடும். அதுக்குக் கீழ சிவப்புச் சேலையும் நீலச் சேலையும் அக்கா தங்கச்சி. உங்க பல்புப் பெட்டியில 80-க்கு மேலன்னு போட்டிருக்குது. எண்பது மார்க் நல்ல மார்க்குதானேன்னு நீங்க நினைச்சதுல தப்பில்லை.

இங்கதான் விசயம். அந்தப் பரீட்சைக்கு வெச்சது எட்டு நிறம். எட்டும் சோப்புப் போட்டுத் துவைச்சுத் துவைச்சு வெளுத்த துணியாட்ட இளம் நிறம். எட்டுக்கும் மார்க் போட்டு, கூட்டி, சராசரி எடுத்தா அதுதான் பெட்டி மேல வர்ற 80. ஆழச் சிவப்பு ஒன்பதாவது. ஆர் ஒன்பதுன்னு பேரு. அது சராசரியில சேராது. வகுப்புல எட்டுப் பிள்ளைங்களோட மார்க்கை மட்டும் கூட்டிட்டு, பெயிலான ஒன்பதாவது பையனை வாத்தியார் கணக்குலயே சேக்காம விட்டாப்பல. எட்டுக்கும் சராசரி 80 வாங்கின பல்பு ஒன்பதாவதுல பூச்சியமும் வாங்கும், பூச்சியத்துக்குக் கீழயும் போகும். 2015-ல அமெரிக்காவுல இருக்கற ஒளியூட்டல் பொறியியல் சங்கம் இதுக்குப் பதிலா 99 நிறத்தை வெச்சு ஒரு அளவைக் கொண்டுவந்துச்சு. நம்ம ஊர்க் கடைப் பெட்டிக்கு அது இன்னும் வந்தபாடில்லை.

அரக்குச் சேலைக்கு என்னாச்சுன்னு இப்பப் புரியுதுங்களா? லூமென் கணக்குப்பிள்ளை சிவப்பு இல்லாட்டிப் பரவாயில்லைன்னாரு. சி.ஆர்.ஐ. கணக்குப்பிள்ளை சிவப்பை நான் எண்ணவே இல்லைன்னாரு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பெட்டியை எங்க மாப்பிள்ளை பேரம் பேசி, இருபத்திரண்டு எண்ணம் வாங்கிட்டு வந்தாரு.

சிரிக்காதீங்க, இன்னும் இருக்குது. கிரகப்பிரவேச வீடியோவுல பட்டை பட்டையா ஓடுச்சுன்னு அந்த வீடியோக்காரப் பையனை ஆளாளுக்கு வெச்சு வாங்கினீங்களே, அவன் பாவம் என்ன பண்ணுவான்? நம்ம கரண்டு நொடிக்கு அம்பது தடவை போயிட்டு வருது. வெளிச்சம் நூறு தடவை ஏறி இறங்கும். அந்த ஏத்தயிறக்கத்தைச் சமப்படுத்த பல்புக்குள்ள ஒரு கெப்பாசிட்டர் வேணும். அதுல ரெண்டு காசு மிச்சம் பிடிச்சிருக்காங்க. நம்ம கண்ணு ஏமாந்துரும், கேமரா ஏமாறாது. சில பேருக்குக் கண்ணும் ஏமாறாது, சாங்காலமான தலைவலியா வரும். செல்போன் கேமராவைப் பல்புக்கு நேராப் பிடிச்சுப் பாருங்க, கறுப்புப் பட்டை ஓடுச்சுன்னா அந்த பல்பு வேண்டாம். போன் இல்லையா, ஒரு பேனாவை விரல்ல பிடிச்சு விசிறியாட்ட ஆட்டுங்க. வழுவழுன்னு ஒரே மங்கலாத் தெரிஞ்சா நல்ல பல்பு. பத்துப் பேனா வரிசையா நின்னுச்சுன்னா கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. எங்க லேபுல லேத் மெசினுக்கு மேல அப்படி ஒரு லைட்டை மாட்ட விடவே மாட்டாங்க. சுத்தற மெசின் நிக்கறாப்பல தெரியும், கையை வெச்சா கை போயிரும்.

பேத்தி படிக்கற மேசை வேற ஒரு கூத்து. அறைக்கு 900 லூமென் மாட்டியிருக்குது, பின்ன என்னன்னு கேட்டீங்க. மாடு கறந்தது 900, பிள்ளை டம்ளருக்கு எவ்வளவு வந்துச்சு? அதுக்குத்தான் லக்ஸ்னு பேரு. ஒரு சதுர மீட்டர் இடத்துல எத்தனை லூமென் விழுதுங்கற கணக்கு. 900 லூமென் எல்லாப் பக்கமும் ஒரே சீராப் பரவுதுன்னு வெச்சுக்குங்க. ஒரு மீட்டர் தூரத்துல 72 லக்ஸ். ரெண்டு மீட்டர் தள்ளினா பாதியில்லைங்க, கால்வாசி, வெறும் 18. அரை மீட்டருக்குக் கிட்டக் கொண்டுவந்தா 280-ஐத் தாண்டிரும். படிக்க 300, 400 வேணும். சுவர்ல பட்டுத் திரும்பற வெளிச்சம் தனியா வந்து சேரும். அதுக்குத்தான் எங்கப்பன் காலத்துல தை நோம்பிக்குத் தை நோம்பி சுண்ணாம்பு அடிச்சாங்க. நீங்க டிசைனர் சொன்னாருன்னு சாக்லேட் கலர் அடிச்சிருக்கீங்க, வர்ற வெளிச்சத்தை அது தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டு நிக்குது. போதாததுக்கு விளக்கு பிள்ளை முதுகுக்குப் பின்னாடி. நோட்டு மேல விழறது அவ தலை நிழல். ஒரு மேசை விளக்கு வாங்கி இடது கைப்பக்கம் வெச்சா முடிஞ்சு போச்சு. உங்க போன்லயே வெளிச்சம் அளக்கற செயலி உண்டு. துல்லியமா இருக்காது, ஆனா இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் எது எச்சுன்னு காட்டிக் குடுத்துரும். பௌர்ணமி நிலவு கால் லக்ஸ் சுமாருதானுங்க, நாங்க அதுல களத்துல கதிரே அடிச்சிருக்கோம். ஆனா அதுல யாரும் அல்ஜிப்ரா படிக்கலை.

டார்ச் வாங்கிட்டு வந்து "லட்சம் கேண்டில்"னு காட்டினீங்களே, அதையும் சொல்லிருறேன். கேண்டிலாங்கறது ஒரு திசையில வெளிச்சம் எவ்வளவு குவிஞ்சு போகுதுங்கற கணக்கு. தண்ணிக் குழாய் வாயை விரலால பாதி அடைச்சா அக்கட்டால தென்னை மரத்து மேல போய் விழும். அதுக்காகத் தொட்டியில தண்ணி எச்சாயிருச்சா?

அப்புறம் ஆயுசு. 25,000 மணி நேரம்னு போட்டிருக்குது. தினம் அஞ்சு மணி நேரம் போட்டா பதிமூணு வருசத்துக்கு மேல. பேத்தி கல்யாணம் வரைக்கும் எரியும்னு சொன்னீங்க. அது சாகற நாள் இல்லைங்க. வெளிச்சம் குறைஞ்சு குறைஞ்சு எழுபது சதவீதத்துக்கு வர்ற நாள். அமெரிக்காவுல லிவர்மோர்ங்கற ஊரு தீயணைப்பு நிலையத்துல ஒரு பல்பு 1901-ல இருந்து எரியுது. கேக்க நல்லா இருக்கும். இப்ப அது விடற வெளிச்சம் நம்ம ஜீரோ வாட்ஸ் பல்புக்குக்கூட வராது. என்னாட்டத்தான், உசிரோட இருக்குது.

இன்னொண்ணு. இந்த ஆயுசுச் சோதனையை ஆறாயிரம் மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டு மிச்சத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லுவாங்க, அதுக்கும் ஆறு மடங்குக்கு மேல சொல்லக் கூடாதுன்னு விதி. சோதிக்கறது உள்ள இருக்கற எல்.இ.டி. வில்லையை. ஆனா பல்பு சாகறது பெரும்பாலும் கழுத்துக்குள்ள இருக்கற டிரைவர்ங்கற சர்க்யூட்டால. சூட்டுல அதுல இருக்கற கெப்பாசிட்டர் வத்திப்போயிரும். பத்து டிகிரி சூடு ஏறினா அதோட ஆயுசு பாதின்னு லேபுல சொல்லுவாங்க. நீங்க அந்தப் பல்பையெல்லாம் காத்தே போகாத கண்ணாடிக் குடத்துக்குள்ள போட்டு இறுக மூடி வெச்சிருக்கீங்க. குடத்துக்குள்ள விளக்குன்னு பழமொழியில கேட்டிருக்கேன், காசு குடுத்து வாங்கி வெச்சதை இப்பத்தான் பாக்கறேன்.



எல்.இ.டி.யை நான் திட்டறேன்னு ஊர்ல சொல்லிராதீங்க. சாங்காலம் ஊரே மோட்டார் போட்டு 180 வோல்ட்டுக்கு இறங்கின காலத்துல குண்டு பல்பு பாதி வெளிச்சம்கூடத் தராது, பரீட்சைக்குப் படிச்ச பிள்ளைங்க கண்ணைக் கசக்கிக்கிட்டு உக்காந்திருக்கும். நல்ல எல்.இ.டி. அந்த வோல்டேஜ்லயும் அசையாம எரியுது. சிவப்போட வர்ற நல்ல பல்பும் கடையில இருக்குதுங்க. கேட்டாத்தான் உள்ள இருந்து எடுப்பாங்க.

இப்ப எந்திரிங்க. போர்டிகோ, மாடிப்படி, மோட்டார் ரூம், அங்கெல்லாம் உங்க 6500 அப்படியே இருக்கட்டும். மாடிப்படிக்கு அரக்கு எதுக்கு? ஹாலு, சமையக்கட்டு, அம்மிணி கண்ணாடி பாக்கற இடம், சாப்பாட்டு மேசை, இந்த நாலுக்கு மட்டும் மாத்திருங்க. 2700-ல இருந்து 4000-க்குள்ள, சி.ஆர்.ஐ. 90-க்கு மேல, ஆர் ஒன்பது 50-க்கு மேல எழுதியிருக்கறதாக் கேளுங்க. கடைப் பையன் முழிச்சான்னா சங்கடப்படாதீங்க, நேத்து வரைக்கும் நீங்களும் முழிச்சவர்தானே. உங்க அத்தை நாலு வரமிளகாயும் ஒரு விரலி மஞ்சளும் பொட்டலம் கட்டி வெச்சிருக்கா, சட்டைப் பையில போட்டுக்குங்க. ரெண்டு பல்பை எரிய விடச் சொல்லி ஒவ்வொண்ணுக்குக் கீழயும் மிளகாயைக் காட்டுங்க. எதுல மிளகாய் காரமாத் தெரியுதோ அதை எடுங்க. போன் கேமராவையும் ஒருதடவை காட்டிருங்க. வீட்டுக்கு வந்து மாட்டறதுக்கு முன்னாடி பல்புக் கழுத்துல பேனாவுல தேதி எழுதுங்க, பில்லைப் பீரோவுல வையுங்க. ரெண்டு வருசத்துக்குள்ள போச்சுன்னா மாத்திக் குடுக்கறேன்னு எழுதிக் குடுக்கற ஆளு, பில்லு இல்லாட்டி உங்களை யாருன்னே கேப்பாரு.

வண்டிச் சாவி ஆணியில தொங்குது. கடையை எட்டு மணிக்குச் சாத்திருவாங்க.